அரை மணி பின்னால்

"நான் டெப்போ கேட்டை விட்டு வெளிய வர்றப்ப பாங்கு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இதை எத்தனை தடவைதான் சொல்றது, புஷ்பா?"

விஜயன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கான தெம்பு அவனிடம் மீதமில்லை. கிள்ளானில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், முகம் கழுவாமல், கையில் ஆறிப்போன மைலோ டம்ளருடன் உட்கார்ந்திருந்தான். போலீஸ் லாக்கப்பிலிருந்து நேற்று மதியம்தான் ஜாமீனில் வந்திருந்தான்.

புஷ்பவல்லி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கைப்பையில் குடையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"நான் உங்களை நம்பலேன்னு யார் சொன்னா?"

"நீ நம்புறே. உன் கம்ப்யூட்டர் நம்பலியே."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

செவ்வாய்க்கிழமை மாலை பண்டமாரான் சந்தியில், கேரி தீவைச் சேர்ந்த ரெங்கசாமி என்பவரின் மோட்டார் சைக்கிளை ஒரு கண்டெய்னர் லோரி உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் லோரியின் நம்பரைப் பார்க்கவில்லை. மஞ்சள் கதவை மட்டும் பார்த்தார்கள்.

மஞ்சள் கதவு லோரிகள் போர்ட் கிள்ளானில் ஒரே ஒரு டெப்போவுக்குத்தான் உண்டு. விஜயன் அங்கே லோரி ஓட்டுகிறான். புஷ்பவல்லியின் அண்ணன் சபாபதியும் அங்கேதான் ஓட்டுகிறான். அந்த டெப்போவின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் புஷ்பவல்லி.

கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு லோரிக்கும் கம்ப்யூட்டர் நேரம் போட்டு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். விஜயனின் சீட்டில் ஆறே முக்கால் என்று இருந்தது. மாலை நெரிசலில் டெப்போவிலிருந்து பண்டமாரான் சந்திக்கு அரை மணி பிடிக்கும். பாங்கு ஊர் முழுக்க ஏழே காலுக்கு. கணக்கு அச்சாகப் பொருந்தியது. பாங்கு கேட்டபோது நான் கேட்டிலேயே இருந்தேன் என்று விஜயன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரெங்கசாமி கிள்ளான் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

"தோசை மூடி வெச்சிருக்கேன். சாப்பிடுங்க."

"மச்சான் ஏன் வரல?" என்றான் விஜயன் திடீரென்று. "லாக்கப்புக்கும் வரல. இங்கயும் வரல."

"அண்ணனுக்கு டபுள் ஷிப்ட்டாம். அண்ணி போன்ல சொன்னாங்க."

"வந்து பக்கத்துல உக்காந்தா போதும். எதுவும் பேசக்கூட வேணாம்."

சபாபதிதான் அவனை டெப்போவில் சேர்த்துவிட்டவன். தங்கையைக் கட்டிக்கொடுத்தவனும் அவனே. புஷ்பவல்லி கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள். மூன்று மாடிக்கும் கைப்பிடியைப் பிடித்தே இறங்கினாள். தூங்கி நாளாயிற்று.

* * *

போர்ட் கிள்ளானில் புகைமூட்டம். எங்கேயோ காடு எரிந்த புகை ஒரு வாரமாக ஊரை மூடிக் கிடந்தது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் பாதி உயரத்துக்கு மேல் தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி டெப்போவுக்குள் நுழைவதற்குள் அவளுக்குத் தொண்டை கமறியது.

மேனேஜர் காசிவிஸ்வநாதன் அவளுக்காகக் காத்திருந்தார். லெபோ அம்பாங் தெருவில் வட்டித் தொழில் செய்த செட்டியார் குடும்பத்துப் பிள்ளை. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். இன்று அந்தக் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

"உக்காரும்மா. இன்ஸ்பெக்டர் ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் வர்றார். செவ்வாய்க்கிழமை கேட் ரெக்கார்ட் முழுசும் பிரிண்ட் வேணுமாம். 'இது சரியான நேரம்'னு கம்ப்யூட்டர் பாக்கிற ஆளு கையெழுத்துப் போடணுமாம்."

"நானா சார்?"

"வேற யாரு இருக்கா?"

 புருஷன் குற்றவாளி என்று பெண்டாட்டி கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"திங்கக்கிழமை இடி இடிச்சு கரண்ட் போனப்ப கடிகாரம் கோளாறாச்சுன்னு சொன்னியே? அது இப்ப ஒழுங்கா ஓடுதா இல்லையா, நல்லா பாத்துச் சொல்லு. கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு நானே அவர்கிட்ட சொல்லிடறேன்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா நீ அவன் சம்சாரம். வெறும் வாயால சொன்னா எடுபடாது. அதையும் நெனப்புல வெச்சுக்க."

கம்ப்யூட்டர் அறையில் குளிர் எலும்பில் இறங்கியது. புஷ்பவல்லி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரே ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இயந்திரம். அதிலிருந்து வயர் இழுத்து ஆபீசில் நாலு திரை, கேட்டில் ஒரு திரை.

திங்கட்கிழமை மின்சாரம் திரும்பி வந்தபோது இயந்திரம் தான் 1980ஆம் வருஷத்துப் புத்தாண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. போனில் மணி சொல்லும் நம்பரைக் கூப்பிட்டு, அந்தப் பெண் குரல் சொன்ன நேரத்தைக் கையால் தட்டி ஏற்றியவள் புஷ்பவல்லிதான். புது பேட்டரி இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது மறுபடி அந்த நம்பரைச் சுற்றினாள். 'டேட்' என்று தட்டினாள். அந்தக் கட்டளைக்குத் திரையில் பச்சை எழுத்தில் வந்த நேரமும் போனில் வந்த நேரமும் சில வினாடிகள்தான் வித்தியாசம்.

நாலு நாளில் சில வினாடி. கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

இயந்திரம் சரியாக இருக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு காரணத்துக்காக அவள் அழுததில்லை. ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிரிண்டரில் தாள் ஏற்ற எழுந்தாள்.

கதவு திறந்தது. கேட்டில் சீட்டுக் கொடுக்கும் வள்ளியம்மா, மத்தியானத்து ஷிப்ட்டுக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள்.

"புஷ்பா, தாள் ரோல் இருந்தா குடுலா. கேட்ல முடியப் போவுது." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்ட்டியா இல்லியா நீ?" என்றாள்.

"சாப்ட்டேன்க்கா. நீங்க என்ன இவ்வளவு சீக்கிரம்?"

"என்னாத்தைச் சொல்ல! செவ்வாய்லேர்ந்து வீட்டுக்குப் போற பஸ்ஸை விட்டுட்டு விட்டுட்டு நிக்கிறேன். அதான் இன்னிக்கு ஷிப்ட் மாத்திக் கேக்கலாம்னு வந்தேன்."

"பஸ் டைம் மாத்திட்டானா?"

"அவன் மாத்தல. என் வாட்ச்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அரை மணி ஃபாஸ்ட்டா ஓடுது. கேட் கம்ப்யூட்டரைப் பாத்து சரி பண்ணி வெச்சேன். அப்புறமும் பஸ் போயிடுது. நேத்து கடைக்காரன்கிட்ட குடுத்தா, 'வாட்ச்சுக்கு ஒண்ணுமில்லக்கா'ங்கிறான்."

புஷ்பவல்லியின் கையிலிருந்த தாள் கட்டு அப்படியே நின்றது.

"எதைப் பாத்து சரி பண்ணீங்க?"

"கேட் கம்ப்யூட்டரை. ஏன்? கம்ப்யூட்டர் தப்பா காட்டுமா?"

* * *

அவள் முற்றத்தில் ஓடவில்லை. ஓட முடியவில்லை. கண்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே, புகையில் இருமிக்கொண்டு, வேகமாக நடந்தாள். காலை ஷிப்ட்டில் இருந்த பையனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, கேட் திரையில் 'டேட்' என்று தட்டினாள்.

ஆபீஸ் திரை காட்டியதற்கு அரை மணி பின்னால்.

இது எப்படி? இயந்திரம் ஒன்று. அதற்குள் இருக்கும் கடிகாரம் ஒன்று. அங்கே ஒரு நேரம், இங்கே ஒரு நேரம் என்று எப்படிக் காட்டும்? மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே அரை மணி.

திரும்பி வந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போன் போட்டாள். இயந்திரத்தை விற்ற கம்பெனியில் லியோங் என்ற இன்ஜினியர் இருந்தான். நல்ல பையன், ஆனால் எப்போதும் மென்றுகொண்டே பேசுவான்.

"இயந்திரத்துக்கு நம்ம ஊர் நேரமே தெரியாது," என்றான் அவன் ஆங்கிலத்தில். "அது கிரீன்விச் நேரத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருக்கும். அதோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு லாகினும் தனித்தனியாக வைத்திருக்கும். டைம் ஸோன், சுருக்கமாக டி.இசட். என்று ஒன்று. அதைப் பார்."

ஆபீஸ் திரையில் பார்த்தாள். எட்டு மணி என்று இருந்தது. வள்ளியம்மாவைக் கேட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து உள்போனில் எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னாள்.

"ஏழு... புள்ளி புள்ளி... முப்பதுன்னு போட்டிருக்குடி. சரியா?"

ஏழரை!

லியோங் மெல்லுவதை நிறுத்தினான். "அது பழைய நேரம். எண்பத்திரண்டுக்கு முந்தியது."

புஷ்பவல்லிக்கும் உடனே ஞாபகம் வந்தது. அந்தப் புத்தாண்டுக்குத் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் சபாவும் சரவாக்கும் இங்கேயும் ஒரே நேரமாக வேண்டும் என்று. அவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். யாரோ ஒரு புரோகிராமர் பழைய மேனுவலைப் பார்த்து ஏழரை என்று எழுதி வைத்திருக்கிறான். பிற்பாடு வேறு யாரோ அதைத் திருத்தியிருக்கிறார்கள்.

"திருத்தினது எப்படித் திரும்ப வந்துச்சு?" என்று லியோங் கேட்டான்.

அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை மின்சாரம் போனதில் கேட் லாகினின் கோப்புகள் சிதைந்துவிட்டன. நகலெடுத்து வைத்திருந்த புது டேப் படிக்கவில்லை. அலமாரியின் அடியில் கிடந்த, திருத்தத்துக்கு முந்திய பழைய டேப்பிலிருந்து அவள்தான் அவற்றை எடுத்துப் போட்டாள். வரிசையில் நின்ற லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கேட் திறந்தால் போதும் என்று இருந்தது. நேரத்தை யார் பார்த்தார்கள்?

"நான்தான் போட்டேன்," என்றாள்.

"சரி, இன்னும் எதையும் மாற்றாதே. மோடத்தைப் போடு. நான் இங்கிருந்து பார்க்கிறேன். உன் புருஷன் விஷயம். நீ மட்டும் பார்த்தால் போதாது."

மோடம் கீச்சிட்டது. லியோங் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து போன் லைன் வழியாக உள்ளே நுழைந்து, கோப்பைப் பார்த்தான். திங்கட்கிழமை அது டேப்பிலிருந்து ஏற்றப்பட்டதையும், அதன் பிறகு யாரும் தொடாததையும் பார்த்தான். மேனேஜரிடம் தானே போனில் பேசினான். கடிகாரம் தாறுமாறாக ஓடவில்லை, கேட் சீட்டுகள் மட்டும் திங்கட்கிழமையிலிருந்து ஒரே சீராக அரை மணி பின்தங்கியிருக்கின்றன, எழுதித் தருகிறேன் என்றான்.

காசிவிஸ்வநாதன் போனை வைத்தார்.

"அப்ப விஜயன் வெளிய போனது ஏழே கால்."

"ஆமா சார்."

"பாங்கு சொன்ன நேரம்."

"ஆமா சார். அவரு அதைத்தான் மொதல்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்காரு."

"பையனை நானே நம்பலியேம்மா," என்றார் அவர்.

புஷ்பவல்லி கேட் கோப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தினாள். வள்ளியம்மா கேட் திரையில் லாகினை விட்டு வெளியேறி மறுபடி நுழைந்தாள். கேட்டுக்கு வெளியே நாலு லோரிகள் பொறுமையிழந்து அலறின. இரண்டு திரையும் ஒரே நேரத்தைக் காட்டின. ஒரு வரி. அதைத் திருத்தக் கண்ணிமைக்கும் நேரம்தான் ஆனது.

விஜயனுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் போன்தான். அவர் தொழுகைக்குப் போயிருப்பார். வைத்துவிட்டாள். கண்ணை மூடினால் அங்கேயே தூங்கிவிடுவாள் போலிருந்தது.

* * *

கண்ணைத் திறந்தபோது எதிரே சபாபதி நின்றிருந்தான்.

சட்டை கசங்கியிருந்தது. தாடி முளைத்திருந்தது. டபுள் ஷிப்ட் ஆள் போல இல்லை. வேலையே செய்யாத ஆள் போல இருந்தான்.

"அண்ணே! எங்க போயிட்டீங்க? அவரு தப்பிச்சாரு அண்ணே. கேட் கடிகாரம்தான் தப்பு."

"வள்ளியக்கா சொன்னாங்க." அவன் கதவைச் சாத்தினான். "அரை மணியாமே. முன்னாலயா, பின்னாலயா?"

"என்ன?"

"கேட்ல காட்டினது. அரை மணி முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால. சீட்டுல ஆறே முக்கால்னா நெசத்துல ஏழே கால்."

சபாபதி பிரிண்டர் தாள் பெட்டியின்மேல் உட்கார்ந்தான்.

"அப்ப ஆறே கால்னா ஆறே முக்கால்."

அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆறே கால் என்ற பேச்சை அவள் எடுக்கவும் இல்லை. புஷ்பவல்லி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். 

"அண்ணே..."

"ஏதோ பட்ட மாதிரி சத்தம் கேட்டுச்சு பாப்பா. கண்டெய்னர் கதவுக் கம்பி ஆடுதுன்னு நெனச்சேன். கண்ணாடியில பாத்தேன். ஒரே புகை. இருட்டுற நேரம். ஒண்ணும் தெரியல." அவன் தன் கைகளைப் பார்த்துப் பேசினான். "நின்னு இறங்கிப் பாத்திருக்கணும். பின்னாடி ஹாரன் அடிக்கிறான். நிக்கல."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மறுநாள் காலையில, மாப்ளையைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. ஓடிப்போய் என் சீட்டை எடுத்துப் பாத்தேன். ஆறே கால்னு போட்டிருக்கு. அப்படின்னா பாங்கு நேரத்துக்கு நான் கிள்ளானைத் தாண்டியிருப்பேன். அப்பாடா, நாம இல்லன்னு நெனச்சேன். நெனைச்சுக்கப் பாத்தேன்." அவன் தலையை ஆட்டினான். "ஆனா சந்தியில எனக்குப் பாங்கு கேட்டுச்சு பாப்பா. என் காதுல கேட்டுச்சு. கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

"மூணு நாளா வேலைக்கு வரலியா நீங்க?"

"ஆஸ்பத்திரியில நிக்கிறேன். வார்டுக்கு வெளிய. அவரு மக ஒண்ணு இருக்கு. ரப்பர் கிளவுஸ் ஃபேக்டரியில வேலை செய்யுது. 'அங்கிள், அப்பாவோட ஃப்ரெண்டா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன். நேத்து எனக்கு டீ வாங்கிக் குடுத்துச்சு. குடிச்சேன் பாப்பா. அந்த டீயையும் குடிச்சேன்."

அவன் அழவில்லை. அதுதான் புஷ்பவல்லிக்குத் தாங்கவில்லை.

வெளியே யாரோ நடந்து போனார்கள். சபாபதி குரலைத் தாழ்த்தினான்.

"பேட்டரி செத்துப்போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்தானே? கடிகாரமே கெட்டுப்போச்சு, எந்த நேரத்தையும் நம்ப முடியாதுன்னு சொல்லிடேன். ரெக்கார்டே செல்லாது. மாப்ளையும் வெளிய வந்துடுவாரு."

"நீங்களும்."

"நானும்."

அது நடக்கக்கூடியதுதான். மேனேஜரே காலையில் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்திருந்தார். லியோங்கிடம் அழுதால் அவனும் வாயை மூடிக்கொள்வான். கெட்டுப்போன கடிகாரத்தை யார் ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள்?

அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்தவன் இவன். பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வாரம் இருமுறை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவன். வகுப்பு முடியும்வரை கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் பெட்ரோல் டாங்கின்மேல் தலை சாய்த்துத் தூங்கியவன். அந்த வகுப்பு இல்லையென்றால் இன்று அவளுக்கு இந்த அரை மணியைக் கண்டுபிடிக்கத் தெரிந்திராது.

"அண்ணே, நான் அப்படிச் சொன்னா அவரு தப்பிச்சவரா இருப்பாரு. செய்யாதவரா இருக்க மாட்டாரு. சாகிற வரைக்கும் டெப்போவுல எல்லாரும் அவரை அப்படித்தான் பாப்பாங்க."

"தெரியும்."

"நீங்க கூட அவர் முகத்தைப் பாக்க மாட்டீங்க. இப்பவே பாக்கல."

 சபாபதி எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. பெட்டியின்மேலேயே உட்கார்ந்திருந்தான். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், பஸ் வராத நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல.

* * *

இன்ஸ்பெக்டர் வந்தபோது புகை கொஞ்சம் விலகியிருந்தது. நடுத்தர வயது மலாய்க்காரர். தொழுகைக்குப் போட்ட தொப்பியைக் கழற்றாமலே வந்திருந்தார். மேனேஜர் அறையில் உட்கார்ந்து, மலாயில் பேசினார்.

"கடிகாரத்தில் கோளாறு என்று சொன்னார்கள். உண்மையா, தங்கையே?"

சபாபதி கதவருகே நின்றிருந்தான். அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று காசிவிஸ்வநாதன் ஒருமுறை பார்த்தார். கேட்கவில்லை.

 'ஆமாம், கெட்டுவிட்டது' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"கடிகாரம் கெடவில்லை, துவான்," என்று மலாயில் மரியாதையாகச் சொன்னாள் புஷ்பவல்லி. "கேட்டில் மட்டும் அரை மணி பின்னால் காட்டியது. திங்கட்கிழமையிலிருந்து ஒரே சீராக. ஒவ்வொரு சீட்டுக்கும் அரை மணி கூட்டினால் சரியான நேரம் கிடைக்கும். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இன்ஜினியர் பார்த்துவிட்டு எழுதித் தருகிறார்."

சொல்லும்போது அண்ணன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "அப்படியானால் உன் கணவர் லோரி இல்லை. சரி. அந்த நேரத்துக்குச் சந்திக்கு வந்த லோரி எது? மிஸ்டர் காசி, அரை மணி கூட்டி எனக்கு ஒவ்வொன்றாகப் படியுங்கள்."

காசிவிஸ்வநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைக் கையில் எடுத்தார்.

"படிக்க வேணாம் சார்," என்றான் சபாபதி தமிழில். பிறகு இன்ஸ்பெக்டரிடம் இரண்டடி வந்து, மலாயில் சொன்னான். "துவான், அது என் லோரி."

மேனேஜர் தாளை மேசைமேல் வைத்தார். படிக்காமலே வைத்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அவரும் களைத்துத்தான் இருந்தார். "உட்கார்," என்றார். "முதலில் தண்ணீர் குடி. பிறகு சொல்."

* * *

வீட்டுக்கு வந்தபோது விஜயன் குளித்திருந்தான். தோசைத் தட்டு மூடியபடியே இருந்தது.

புஷ்பவல்லி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஏழரை, எட்டு, பழைய டேப், வள்ளியம்மாவின் வாட்ச். அதுவரை அவன் கண்ணில் மெல்ல வெளிச்சம் ஏறியது. பிறகு அண்ணன் பெயர் வந்தது. அந்த வெளிச்சம் அப்படியே நின்றுபோனது.

"மச்சானா?"

"ம்."

"அவனே சொன்னானா?"

"அவரே சொன்னாரு. நான் மொதல்ல சொன்னேன். நான் வாயைத் திறக்கலேன்னா அவரு சொல்லியிருப்பாரான்னு எனக்குத் தெரியல." அவள் குரல் உடைந்தது. "உங்களை மீட்டுட்டு அவரைக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அண்ணனைத் திட்டுவான், அல்லது அவளை. செய்யாததற்கு அடைபட்டுக் கிடந்தவனுக்கு அந்த உரிமை உண்டு. விஜயன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

"அந்த லாக்கப்புல ராத்திரி கொசு ரொம்ப," என்றான். "கைலி இல்லாம படுக்க முடியாது."

அலமாரியைத் திறந்து தன் கைலி ஒன்றை எடுத்து மடித்தான். ஒரு போர்வை எடுத்தான். மேசைமேல் இருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்துப் பையில் போட்டான்.

"கிளம்பு. அவன் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டான்."

"நீங்களும்தான் சாப்பிடல."

"வழியில பாத்துக்கலாம். கிளம்பு புஷ்பா."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். விஜயன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

வெளியே சபாபதியின் மனைவி இந்திரா மூச்சு வாங்க நின்றிருந்தாள். போர்ட் கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். மாடியேறி வந்ததில் நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. கையில் தூக்குச் சட்டி.

"நல்லவேளை, இருக்கீங்க!" என்று சிரித்தாள். விஜயனை மேலும் கீழும் பார்த்தாள். "எப்படி இளைச்சுட்டீங்க தம்பி. நண்டுக் கொழம்பு வெச்சேன், உங்களுக்குப் பிடிக்கும்னு. உங்க மச்சான் ஷிப்ட் முடிஞ்சு நேரா இங்க வந்துடறேன்னாரு. வந்துட்டாரா?"

விஜயன் ஒதுங்கி வழிவிட்டான். தோளில் இருந்த பையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"உள்ள வாங்கக்கா. மொதல்ல உக்காருங்க."

இந்திரா உட்காரவில்லை. அவள் பார்வை பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த போர்வையின்மேல் நின்றது. பிறகு புஷ்பவல்லியின் வீங்கிய கண்களுக்கு வந்தது.

"யாருக்குப் போர்வை?" என்று கேட்டாள்.

புஷ்பவல்லி அவள் கையிலிருந்த தூக்கை வாங்கினாள். அது இன்னும் சூடாக இருந்தது.

"அண்ணி," என்று ஆரம்பித்தாள்.